கூச்சலும் ஆரவாரமும்

அந்தக் கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கோடு போட்ட தாள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி. உள்ளே இரண்டே வாக்கியம். கலை விழாவில் கூச்சல் போட்டதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும், இனி அப்படி நடந்துகொள்ளப் போவதில்லை என்றும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி எழுதியிருக்கிறாள். அதைப் போல இன்னும் பத்துக் கடிதங்கள் வந்தன. அவை அலுவலகக் கோப்புக்குப் போய்விட்டன. இது தாமதமாக வந்ததால் என்னிடமே தங்கிவிட்டது. எல்லாவற்றையும் வாங்கியவள் நான்.

நடந்தது இவ்வளவுதான். கல்லூரிகளுக்கிடையிலான கலைப் போட்டியில் எங்கள் மாணவிகளின் பறைக்குழுவுக்கு முதல் பரிசு. மேடையில் பெயர் வாசிக்கப்பட்டதும் கீழே இருந்த பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்கள். சிலர் அழுதார்கள். ஒருத்தி துப்பட்டாவைக் கழற்றிச் சுழற்றினாள். சிறப்பு விருந்தினர் இரண்டு நிமிடம் பேச முடியாமல் மைக் முன்னால் நின்றார். மறுநாள் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. “பொம்பளப் பிள்ளைங்க தொண்டை கிழியக் கத்துறதப் பாக்கவே அசிங்கமா இருந்துச்சு” என்றார் ஒருவர். குரலைப் பற்றியும் மௌனத்தைப் பற்றியும் இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டிருக்கிற நான் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. கடிதம் வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். வாங்கினேன்.

பிறகு வெகுமக்கள் பண்பாடு குறித்த ஒரு தாளை நடத்துவதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ அறுபதாண்டுகளுக்கு முன் லண்டனில் நடந்த ஓர் இசை விருது விழாவில் போய் மாட்டிக்கொண்டேன். அங்கேயும் கத்தியவர்கள் பெண் பிள்ளைகள். அங்கேயும் கடிதம் வாங்கும் நாற்காலியில் படித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னை அங்கே அடையாளம் கண்டுகொண்டதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

*

‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ அன்று பிரிட்டனின் இசை வார இதழாக இருந்தது. அந்த நாட்டில் எந்த இசைத்தட்டு அதிகம் விற்கிறது என்ற பட்டியலை 1952இல் முதன்முதலாக வெளியிட்டது அதுதான். ஆண்டுதோறும் தன் வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்திவந்தது. சிறந்த குழு எது, சிறந்த பாடகி யார் என்று வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். வென்றவர்களை ஒரே மேடைக்கு வரவழைத்துப் பாடவைத்து விருது கொடுப்பது வழக்கம். 1966ஆம் ஆண்டின் விழா மே 1, ஞாயிற்றுக்கிழமை, லண்டன் வெம்ப்ளியில் உள்ள எம்பயர் பூல் அரங்கில் நடந்தது. பத்தாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கம். ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ, யார்ட்பேர்ட்ஸ், ராய் ஆர்பிசன், டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு என்று அன்றைக்கு வந்தவர்களின் பட்டியல் நீளமானது. பீட்டில்ஸ் நால்வரும் வந்தார்கள். அப்போது அவர்கள் ‘ரிவால்வர்’ இசைத்தட்டின் ஒலிப்பதிவில் மூழ்கியிருந்தார்கள். அந்தப் புதிய பாடல்கள் எதையும் மேடையில் பாடவில்லை. ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஐந்து பாடல்களை ஏறக்குறைய பதினைந்து நிமிடத்தில் பாடி முடித்துவிட்டுப் போனார்கள்.

வாக்கெடுப்பு என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த விழாவுக்கு ஒரு மாதம் முன்பு, மார்ச் 31 அன்று, பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடந்தது. வாக்களிக்கும் வயது அப்போது 21. அது 18 ஆகக் குறைய 1969இல் சட்டம் வந்தது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டுக் கடைக்கும் அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போன ஒரு பெண், வரி கட்டலாம், வாக்களிக்க முடியாது. ஆனால் வார இதழின் வாக்குச்சீட்டை நிரப்பி அஞ்சலில் போடலாம். தன் வாக்கு எண்ணப்பட்டு, தன் ஆள் ஜெயித்து, மேடையேறிக் கோப்பை வாங்குவதைப் பார்க்கலாம். வெம்ப்ளியில் எழுந்த சத்தத்தில், தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம், அது நடந்தது என்ற நிறைவும் கலந்திருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

அந்த விழாவை ஏ.பி.சி. தொலைக்காட்சி படம் பிடித்தது. ஆனால் பீட்டில்ஸ் பாடியபோது கேமராக்கள் அணைக்கப்பட்டன. ஒளிபரப்பு தொடர்பாகக் குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைனுக்கும் தொலைக்காட்சிக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடியதும் இப்படித்தான் பதிவாகாமல் போனது. பீட்டில்ஸ் விருது வாங்கிய காட்சி மட்டும் பதிவாகியிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் ரசிகர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து பார்த்த பீட்டில்ஸின் கடைசி நிகழ்ச்சி அதுதான். 1969 ஜனவரியில் லண்டனில் ஒரு கட்டிடத்தின் மொட்டைமாடியில் முன்னறிவிப்பில்லாமல் பாடினார்களே, அதை விட்டுவிட்டால், தங்கள் நாட்டு மக்கள் முன்னால் அவர்கள் பிறகு மேடையேறவில்லை. இது கடைசி என்று அன்று யாரும் அறிவிக்கவில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்துக்குத் தொலைக்காட்சியின் சாட்சியம் கிடையாது. அரங்கில் இருந்தவர்களின் கண்ணும் காதும்தான் சாட்சி. அந்தச் சாட்சிகளில் கத்திக்கொண்டிருந்த பெண்கள் முக்கியமானவர்கள். கத்தியவர்களைச் சாட்சியாக ஏற்கும் பழக்கம் வரலாற்றுக்கு இல்லை என்பதுதான் சிக்கல்.

*

யார் அந்தப் பெண்கள்?

லிவர்பூலில் மேத்யூ தெருவில் நிலத்தடியில் இருந்தது கேவர்ன் என்ற இசைக்கூடம். 1961லிருந்து 1963 வரை பீட்டில்ஸ் அங்கே ஏறத்தாழ முந்நூறு முறை வாசித்தார்கள். அவற்றில் பல மதிய உணவு நேரத்துக் கச்சேரிகள். பக்கத்து அலுவலகங்களில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்கள், கடைகளில் வேலை பார்த்த பெண்கள், உணவு இடைவேளையில் ஓடிவந்து கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் ஆண் அதிகாரிகள் இந்தக் குழுவை வேண்டாம் என்று திருப்பியனுப்புவதற்கு முன்பே இந்தப் பெண்கள் வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

அப்படி ஓடிவந்தவர்களில் ஒருவர் ஃப்ரீடா கெல்லி. பதின்ம வயதிலேயே எப்ஸ்டைனின் அலுவலகத்தில் சேர்ந்து, ரசிகர் மன்றச் செயலாளராகப் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தார். அவரைப் பற்றி 2013இல் ‘குட் ஓல் ஃப்ரீடா’ என்ற ஆவணப்படம் வந்தது. மூட்டை மூட்டையாக வந்த கடிதங்களுக்குப் பதில் அனுப்பியதை அதில் சொல்கிறார். ஒரு பெண் தலையணை உறை ஒன்றை அனுப்பி, ரிங்கோ அதில் தலைவைத்துப் படுத்த பிறகு திருப்பியனுப்பும்படி கேட்டாளாம். ஃப்ரீடா அதை ரிங்கோவின் அம்மாவிடம் கொடுத்து, அப்படியே செய்யவைத்தாராம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் ஆசையை இன்னொரு பெண் கேலி செய்யாமல் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். பொய்யாக ஓர் உறையை அனுப்பியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? என் கல்லூரியில் பதினொரு கடிதம் வாங்கிய நான், இந்தப் பெண்ணின் முன்னால் கூசிப்போனேன்.

இன்னொன்றும் உண்டு. பீட்டில்ஸின் முதல் இரண்டு நீள் இசைத்தட்டுகளிலும் அவர்கள் தாங்களே எழுதாத பாடல்கள் பல. அவற்றில் ஐந்து, அமெரிக்கக் கறுப்பினப் பெண்குழுக்கள் பாடியவை. ஷிரெல்ஸ், குக்கீஸ், மார்வலெட்ஸ், டோனேஸ் ஆகியவை அந்தக் குழுக்கள். காதலனுக்காகக் காத்திருக்கிற, கடிதம் வரவில்லையே என்று தவிக்கிற பெண்ணின் குரலை இந்த நான்கு இளைஞர்கள் எடுத்துப் பாடினார்கள். சங்க அகப்பாடல்களில் ஆண் புலவர்கள் தலைவியாகவும் தோழியாகவும் பேசியதைப் படித்து வளர்ந்த எனக்கு இது புதிதில்லை. கீழே நின்ற பெண்கள் கேட்டது ஆண்குரலில் திரும்பி வந்த பெண்குரலை. ஆகவே அவர்கள் கத்தியது ஆணழகைக் கண்டுதான் என்ற விளக்கம் பாதியைத்தான் சொல்கிறது.

அமெரிக்காவுக்குப் போனபோது அந்தக் கூட்டத்துக்கு வேறொரு பொருளும் சேர்ந்தது. 1964 செப்டம்பரில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து உட்காரவைத்தால் பாடமாட்டோம் என்று பீட்டில்ஸ் மறுத்துவிட்டார்கள். அந்த அரங்குக்குப் போன கறுப்பினச் சிறுமி கிட்டி ஆலிவர். பின்னாளில் எழுத்தாளரும் வரலாற்றாளருமானவர். வெள்ளையர் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட அந்த நாளை 2016இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் நினைவுகூர்கிறார். எழுந்து நின்று கத்துவதில் நிற வரிசை கலைந்துபோகிற சில நிமிடங்கள் இருந்திருக்கின்றன.

*

இனி, படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம்.

1963 இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் நாளிதழ்கள் ‘பீட்டில்மேனியா’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. மேனியா என்றால் பித்து. இந்தச் சொல்லுக்கு ஒரு பாட்டி உண்டு. 1840களில் பெர்லினிலும் பாரிஸிலும் பியானோக் கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்டின் கச்சேரிகளில் பெண்கள் அவருடைய கைக்குட்டைக்கும் கையுறைக்கும் போட்டி போட்டபோது, கவிஞர் ஹைன்ரிக் ஹைனே அதற்கு ‘லிஸ்டோமேனியா’ என்று பெயர் வைத்தார். அது நோய்க்கு வைக்கும் பெயர். ‘ஹிஸ்டீரியா’ என்ற சொல்லோ கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பெண் சத்தம் போட்டால் அதற்குக் காரணம் அவள் வயிற்றுக்குள் இருக்கிறது, வெளியே உலகத்தில் இல்லை என்பது இந்தச் சொல்லின் தீர்ப்பு.

1964 பிப்ரவரியில் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பால் ஜான்சன் ஒரு கட்டுரை எழுதினார். அது அன்று இடதுசாரி இதழ் என்பதைக் கவனிக்க வேண்டும். பீட்டில்ஸைச் சுற்றித் திரள்கிறவர்கள் அந்தத் தலைமுறையின் மந்தமானவர்கள், சோம்பேறிகள், தோற்றவர்கள் என்ற பொருளில் எழுதினார். அந்தப் பெண் பிள்ளைகளின் முகப்பூச்சையும் திறந்த வாயையும் கடையில் வாங்கிய மலிவான உடையையும் ஏளனத்தோடு வருணித்தார். தானும் நண்பர்களும் பதினாறு வயதில் பீத்தோவன் கேட்டதை எடுத்துக்காட்டினார். உழைக்கும் வர்க்கத்துக்காகப் பேசுகிற இதழில், உழைக்கும் வர்க்கப் பெண்ணின் உடுப்பு கேலிக்கு ஆளானது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நம் உலா இலக்கியம் நினைவுக்கு வந்தது. தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு மயங்குவார்கள். வளை கழலும், பசலை படரும். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களுக்கு இப்படி உலா பாடினார். அங்கே பெண்களின் மயக்கம் பழிப்புக்குரியது இல்லை. அது அரசனின் புகழுக்கு அளவுகோல். லண்டனில் நோயாக இருந்தது உலாவில் அணியாக இருக்கிறது. இரண்டிலும் ஒன்று பொது. எழுதுகிறவர் ஆண், பெண்ணுக்குப் பேச்சில்லை. அவள் அங்கே எதற்காக வந்தாள், தோழிகளோடு எதைப் பேசிக்கொண்டு வீடு திரும்பினாள் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. (பேரிளம்பெண்ணின் வயதை இலக்கணம் நாற்பதோடு முடித்துக்கொள்கிறது. அந்த எல்லையைத் தாண்டிவிட்ட எனக்கு ரசிக்கவே உரிமை இல்லை போலும்.)

அந்தப் பெண்களை நேரே கேட்டுப் பார்த்தவர்களும் இருந்தார்கள். 1964இல் பீட்டில்ஸ் நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு வந்து போனபின், ஏ. ஜே. டபிள்யூ. டெய்லர் என்ற உளவியலாளர் இளைஞர்களிடம் சோதனைகள் நடத்தினார். அவருடைய ஆய்வு 1966இல், வெம்ப்ளி விழா நடந்த அதே ஆண்டில், ஒரு பிரிட்டிஷ் உளவியல் ஆய்விதழில் வெளிவந்தது. தீவிர ரசிகர்கள் ஹிஸ்டீரியா நோயாளிகள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. ஆனால் ‘பித்து’ என்ற சொல் நாளிதழ்களில் ஓடிய வேகத்தில் ‘பித்தில்லை’ என்ற முடிவு ஓடவில்லை. அமெரிக்கப் பெண்ணியவாதி பார்பரா எரன்ரைக் தன் தோழியர் இருவரோடு சேர்ந்து இதை 1980களில் மறுவாசிப்பு செய்தார். அடக்க ஒடுக்கமாக இரு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் பெருந்திரளாகக் கட்டுப்பாட்டை உதறிய முதல் எழுச்சியாக அதைப் பார்த்தார்கள்.

*

இந்த இடத்தில் ஒரு ஒப்பீட்டைச் செய்தே ஆக வேண்டும்.

எம்பயர் பூல் அரங்குக்குப் பக்கத்திலேயே இருந்தது வெம்ப்ளி விளையாட்டரங்கம். பீட்டில்ஸ் பாடிவிட்டுப் போன மூன்றாவது மாதம், 1966 ஜூலை 30 அன்று, அங்கே உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி. மேற்கு ஜெர்மனியை இங்கிலாந்து 4-2 என்ற கணக்கில் வென்றது. பார்க்க வந்தவர்கள் 96,924 பேர், பெரும்பாலும் ஆண்கள். கத்தினார்கள், அழுதார்கள், முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்தார்கள். ஆட்டம் முடிவதற்கு முன்பே சிலர் மைதானத்துக்குள் ஓடினார்கள். அவர்களுக்கு எந்த மருத்துவரும் நோய்ப்பெயர் வைக்கவில்லை. அந்தச் சத்தம் ஒரு தேசத்தின் பெருமிதமாக இன்றுவரை ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கிறது.

தமிழிலும் இந்தப் பிரிவினை சொல்லிலேயே இருக்கிறது. ஆண்கள் கூடிச் சத்தமிட்டால் ஆரவாரம், முழக்கம், ஆர்ப்பு. பெண்கள் சத்தமிட்டால் கூச்சல், அலறல், ஓலம். பெண் உரக்கக் குரலெழுப்ப நம் சமூகம் அனுமதித்த இடங்கள் இரண்டு: குலவையும் ஒப்பாரியும். ஒன்று சாமிக்கும் சடங்குக்கும், மற்றது இறந்தவர்களுக்கு. தன் மகிழ்ச்சிக்காக அவள் எழுப்பும் சத்தத்துக்கு நல்ல பெயர் ஒன்றை நாம் இன்னும் வைக்கவில்லை.

பெண்களின் கூச்சல்தான் பீட்டில்ஸை மேடையிலிருந்து விரட்டியது என்பது ராக் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கடைசிச் சுற்றுப்பயணக் கச்சேரி நடத்தினார்கள். தாங்கள் பாடுவது தங்களுக்கே கேட்கவில்லை என்று அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் காரணத்தைப் பாருங்கள். 1965இல் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மேடையில் இருந்தவை 100 வாட் பெருக்கிகள். பாட்டு மக்களைச் சென்றடைந்தது, ஆட்ட அறிவிப்புக்காக வைத்திருந்த ஒலிபெருக்கிகள் வழியாக. பாடுகிறவருக்கு அவர் குரலையே திருப்பிக் கேட்கவைக்கும் மேடை ஒலிபெருக்கி அன்றைய கச்சேரிகளில் இல்லை. சீட்டு விற்றவர்கள் கூட்டத்துக்கு ஏற்ற கருவியைக் கொண்டுவரவில்லை. பழி பதினான்கு வயதுப் பெண்ணின் தொண்டைமேல் விழுந்தது. அந்த ஆண்டு கோடையில் மணிலாவில் குழு பட்ட அடியும், ஏசு பற்றிய ஜான் லெனனின் பேச்சுக்காக அமெரிக்காவின் தென்பகுதியில் அவர்களுடைய இசைத்தட்டுகள் எரிக்கப்பட்டதும், வந்த மிரட்டல்களும் பெண்கள் கத்தியதால் வந்தவை அல்ல.

*

கடைசியாக ஒரு பெயர். எழுத மனம் வராமல் எழுதுகிறேன். 1964 ஜனவரி 1 அன்று பிபிசி ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ என்ற இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. முதல் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் ஜிம்மி சாவில். பல ஆண்டுகள் பதின்ம வயது ரசிகைகள் சூழ மைக்கைப் பிடித்து நின்றவர். நாட்டின் செல்லப்பிள்ளையாக வாழ்ந்து, 2011இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஒரு தொலைக்காட்சிப் படத்தில் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். 2013இல் வெளியான காவல்துறை அறிக்கையில் அவர்மீது புகார் சொன்னவர்கள் ஏறத்தாழ 450 பேர். பிபிசி வேலையோடு தொடர்புடைய இடங்களில் மட்டும் அவர் 72 பேரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக நீதிபதி ஜேனட் ஸ்மித்தின் 2016ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. பாதிக்கப்பட்டவர்களில் சிலர் அப்போதே சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். யாரும் காதில் வாங்கவில்லை.

பெண் பிள்ளைகளுக்குப் பீட்டில்ஸால் என்ன கேடு வரும் என்று அத்தனை பேர் கவலைப்பட்ட காலம் அது. அவர்கள் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறார்கள் என்று அளந்தார்கள், ஏன் கத்துகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். அருகில் மைக்கோடு நின்ற ஆளை யாரும் அளக்கவில்லை. பித்துப்பிடித்தவள் என்று ஒருமுறை பெயர் வாங்கியவள், பிறகு நடந்ததைச் சொன்னால் அதுவும் பித்தாகவே கேட்கும். அந்தச் சொல் இந்த வேலையையும் செய்தது.

கடிதம் எழுதிய மாணவி சில மாதங்கள் கழித்து என் அறைக்கு வந்தாள். வருகைப்பதிவு குறைந்தது பற்றிக் கேட்பதற்காக நான்தான் அழைத்திருந்தேன். காலைப் பேருந்தில் ஓர் ஆள் தொடர்ந்து தொந்தரவு செய்வதாகவும், அதனால் இரண்டு பேருந்து விட்டு ஏறுவதாகவும் சொன்னாள். “நீ கத்தியிருக்கலாமேம்மா, சுத்தி அத்தன பேர் இருக்காங்களே” என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “கத்தணும்னுதான் நெனச்சேன்மா. சத்தமே வரல.”

அவள் அந்தக் கடிதத்தை நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் இழுப்பறை நினைவுக்கு வந்தது. ஒரு கடிதம் ஒரு பெண்ணின் குரலை அடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு முன் வீட்டிலும் பள்ளியிலும் அவளிடம் எத்தனை கடிதம் வாங்கியிருப்பார்களோ. அந்த வரிசையில் நானும் ஒருத்தியாக நின்றேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். சென்ற மாதம் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில், விழாக்களில் சத்தம் போட்டதற்காக மாணவிகளிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கும் வழக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்று பேசினேன். இருவர் ஒத்துக்கொண்டார்கள், நால்வர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டம் ஜனவரியில். பறைக்குழு இப்போதே பயிற்சியைத் தொடங்கிவிட்டது. மாலை வகுப்பு நடத்தும்போது மைதானத்திலிருந்து சத்தம் வருகிறது. நான் சன்னலைச் சாத்துவதில்லை.